ஒடுக்கத்துக்கு ஊர் விட்டு ஊர்

பெங்களூரில் விமானம் இறங்கித் திருவண்ணாமலைக்குக் காரில் போகும் வெளிநாட்டவருக்கு ஓசூர் என்பது ஒரு நெரிசல், அவ்வளவுதான். அத்திப்பள்ளி எல்லை, ஜூஜூவாடி, சிப்காட், வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், ஷிப்ட் முடிந்து வெளியே வரும் கம்பெனி பஸ்கள். பிறகு சூளகிரி, கிருஷ்ணகிரி. அங்கே நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம், அதற்கப்பால் மலை. பேசாமல் உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டுக் கடல் தாண்டி வருகிறவர்கள், ஹாரன் சத்தம் ஓயாத சாலை ஒன்றைக் கடந்துதான் அங்கே போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

மௌனம் தமிழருக்குப் புதிதல்ல. தாயுமானவருடைய குருவுக்கே மௌனகுரு என்றுதான் பெயர். ஆனால் இந்தப் பக்கம் மௌனம் தேடி வந்தவர்களிலும், இங்கிருந்து கிளம்பிப் போனவர்களிலும் கத்தோலிக்கத் துறவிகளும் உண்டு என்பது அதிகம் பேசப்படாத கதை. பழைய பங்குகளில் இதற்கு ஞான ஒடுக்கம் என்று பெயர். சில நாள் வேலையை விட்டு, வாயை மூடி, ஒரு வழிகாட்டியின் துணையோடு செபத்தில் இருப்பது. இந்த வழக்கத்தின் ஐந்நூறு ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: சொந்த ஊரில் இருந்துகொண்டே இதைச் செய்தவர்கள் குறைவு. ஒடுக்கம் என்றாலே பயணம்.

அதன் தொடக்கமே அப்படித்தான். 1521ல் பாம்ப்லோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த பாஸ்க் நாட்டு வீரர் லொயோலா இஞ்ஞாசியார், உடம்பு தேறியதும் எருசலேமுக்குப் புறப்பட்டார். 1522 மார்ச்சில் கத்தலோனியாவின் மன்ரேசா ஊரை அடைந்தபோது சில நாள் தங்கிப் போவதுதான் அவர் எண்ணம். பதினொரு மாதம் ஆகிவிட்டது. மொழி வேறு, ஆட்கள் வேறு, தெரிந்தவர் யாரும் இல்லை. கார்தொனேர் ஆற்றங்கரையில் அவர் குறித்து வைத்தவைதான் பின்னாளில் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ என்ற நூலாக வளர்ந்தன. 1548ல் போப் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் கொடுத்தார்.

அதைப் புத்தகம் என்று சொல்வதே கொஞ்சம் தப்பு. வாங்கிப் படித்து முடிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒடுக்கம் கொடுப்பவர் கையில் வைத்துக்கொள்ளும் குறிப்பேடு அது. நாலு ‘வாரம்’ என்று பிரித்து, ஏறக்குறைய முப்பது நாளுக்கான தியானங்கள். தொடக்கத்திலே இருபது முன்குறிப்புகள். இருபதாவது குறிப்பு, முழுப் பயிற்சி செய்கிறவர் உற்றார், நண்பர், தொழில் எல்லாவற்றையும் விட்டு, இருக்கும் வீட்டை விட்டே வேறு வீட்டுக்குப் போய்விடுவது நல்லது என்கிறது. பத்தொன்பதாவது குறிப்பு வேறு மாதிரி. வேலையும் பொறுப்பும் விட முடியாதவர், வீட்டில் இருந்தபடியே தினமும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி நீண்ட காலத்தில் இதே பயிற்சியைச் செய்யலாம். இந்த இரண்டு குறிப்பில் உலகம் இருபதாவதைப் பிடித்துக்கொண்டது. பத்தொன்பதாவது வெகுகாலம் கவனிக்க ஆளில்லாமல் கிடந்தது.

இயேசு சபையார் 1608ல் கூடிய பொதுச்சங்கத்தில், சபையில் உள்ள எல்லோரும் ஆண்டுதோறும் எட்டுப் பத்து நாள் ஒடுக்கம் செய்ய வேண்டும் என்று விதித்துக்கொண்டார்கள். முப்பது நாள் எட்டாகக் குறைந்த கதை இது. சாதாரண ஜனங்களுக்கு என்று தனி வீடு கட்டும் யோசனை பிரான்சின் மேற்கு ஓரத்தில் பிரிட்டனி பகுதியில் பிறந்தது. 1660களில் அங்கே வான் என்ற துறைமுக ஊரில் ஆண்களுக்கான ஒடுக்க இல்லம் எழுந்தது. சில ஆண்டுகளில் கத்தரின் தெ ஃப்ரான்ஷ்வீல் என்ற பெண்மணி அதே ஊரில் பெண்களுக்கும் ஒன்றை ஏற்படுத்தினார். பிரபுவும் குடியானவரும் ஒரே கூரையின் கீழ் வாய் பேசாமல் உட்கார்ந்தது அந்தக் காலத்துக்குப் பெரிய புரட்சிதான். வான் என்ற பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அது நம் காவிரிக் கரைக்கு வரப்போகிறது.

தமிழ் நிலத்துக்கு இந்த வழக்கம் இயேசு சபையாரோடு வந்தது. ராபர்ட் தெ நோபிலி 1606ல் மதுரைக்கு வந்தார். லியோனார்தோ சின்னாமி 1640களின் இறுதியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தை மையமாக வைத்து மைசூர் மிஷனைத் தொடங்கினார். அது சத்தியமங்கலம், தர்மபுரிப் பக்கம் பரவியது. இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேட்டுநிலத்தில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் அன்றும் கலந்துதான் புழங்கின. மதுரை மிஷனுக்கும் மைசூர் மிஷனுக்கும் நடுவில் கிடந்த நாடு அது. அருளானந்தர் என்று நாம் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1670களில் வந்து சேர்ந்தார். 1693ல் ஓரியூரில் வெட்டுப்பட்டு இறந்தார்.

இந்தச் சாமியார்களுக்கு மௌனத்தில் பஞ்சம் இருந்திருக்காது. மாதக்கணக்கில் தாய்மொழி பேசுபவர் ஒருவரைக்கூடப் பார்க்காமல் ஊர் ஊராக நடந்தவர்கள். அவர்களுக்கு ஆண்டு ஒடுக்கம் என்பது வாயை மூடுவதற்கான நாள் என்பதைவிட, இன்னொரு குருவின் முகத்தைப் பார்க்கும் நாளாகவே பட்டிருக்கும்.

1773ல் போப்பாண்டவர் இயேசு சபையைக் கலைத்தார். 1776ல் அவர்களுடைய இடங்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையிடம் ஒப்படைக்கப்பட்டன. அடுத்த கால் நூற்றாண்டு இந்த எல்லைப் பகுதிக்குக் கொடிய காலம். மைசூர்ப் போர்களில் சேனைகள் குறுக்கும் நெடுக்கும் போயின. கிருஷ்ணகிரி உள்ளிட்ட பாராமகால் 1792ல் கம்பெனியார் கைக்கு வந்தது, ஓசூர் 1799ல் திப்பு விழுந்த பிறகு வந்தது. மலேரியா, பஞ்சம், தனிமை இவற்றுக்கு நடுவில் வேலை செய்த பிரெஞ்சுக் குருக்கள் பலர் இளம் வயதிலேயே இறந்தார்கள்.

அந்தச் சபை தன் ஆட்களுக்காகச் செய்த ஏற்பாட்டைப் பார்க்க ஹாங்காங் வரை போக வேண்டும். போக்ஃபுலம் குன்றில் 1875ல் பெத்தானி என்ற ஆரோக்கிய இல்லத்தைக் கட்டியது. ஆசிய நாடுகளில் உடம்பு கெட்ட குருக்கள் அங்கே வந்து தேறுவார்கள், அல்லது அங்கேயே அடக்கமாவார்கள். எதிரிலேயே நாசரேத் இல்லம். ரூசெய் என்ற குரு 1880களில் தொடங்கிய இது, மனம் ஓய்ந்த குருக்கள் ஒடுக்கத்துக்கு வரும் வீடு. 1894ல் டக்ளஸ் மாளிகை என்ற வியாபாரி வீட்டை வாங்கி அங்கே குடியேறினார்கள். ஒடுக்கத்துக்கு வந்தவர்கள் சும்மா இருக்க வேண்டாம் என்று ஓர் அச்சகமும் வைத்தார்கள். ஆசிய மொழிகள் பலவற்றில் புத்தகங்கள் அங்கே அச்சாகின. மேலே மௌனம், கீழே அச்சு இயந்திரத்தின் தடதடப்பு. 1950களில் நாசரேத் மூடப்பட்டது. இன்று அது ஹாங்காங் பல்கலைக்கழக மாணவர் விடுதி. பெத்தானியில் கலைக்கல்லூரி நடக்கிறது.

1917ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு மறைமாவட்டக் குருக்கள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, துறவியர் ஆண்டுதோறும் ஒடுக்கம் செய்தாக வேண்டும் என்றது. 1930ல் சேலம் மறைமாவட்டம் பிறந்தபோது அதன் குருக்களுக்கு இது விதியாகவே இருந்தது. கலைக்கப்பட்டு, மீண்டும் உயிர்பெற்று, 1838ல் திரும்பி வந்திருந்த இயேசு சபையார் 1895ல் கொடைக்கானல் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை நிறுவியிருந்தார்கள். சென்னை மந்தைவெளியில் தியான ஆசிரமம், கடல் தாண்டிக் கண்டியில் லெவெல்லா ஒடுக்க இல்லம் என்று அந்தச் சபையின் மௌன வீடுகள் பின்னால் பெருகின. கன்னியர்களுக்கு மே மாதம்தான் ஒடுக்க மாதம். பள்ளிக்கூடம் மூடியிருக்கும் நேரம் அது. கிருஷ்ணகிரிச் சிஸ்டர் ஏப்ரல் பரீட்சை முடிந்து விடைத்தாள் திருத்திக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு மலையூருக்குப் பஸ் ஏறுவார். எட்டு நாள் கழித்து வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். ஜூன் வந்ததும் அது போய்விடும்.

உள்ளே நடப்பது எளிமையானது. நாளைக்கு நாலைந்து முறை ஒரு மணி நேரச் செபம். இடையில் வழிகாட்டியோடு அரைமணிப் பேச்சு. அந்த நாளில் வாய் திறக்கும் ஒரே சந்தர்ப்பம் அது. சாப்பாட்டு மேசையில் கரண்டிச் சத்தம் மட்டும், அல்லது யாராவது ஒருவர் ஏதாவது புத்தகத்தை வாசிப்பார். இரவு ஆன்ம சோதனை. செல்போனை வாங்கிப் பூட்டி வைக்கும் வீடுகள் இப்போது உண்டு. முதல் நாள் தூக்கம், இரண்டாம் நாள் சலிப்பு, மூன்றாம் நாள் எரிச்சல் என்று அனுபவப்பட்ட குருக்கள் சொல்வார்கள். ஒரே ஒரு நாள் ஒடுக்கத்துக்கு வருகிறவர் தூக்கத்தோடு வீடு திரும்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இதுவரை வெளியிலிருந்து மௌனத்தைக் கொண்டுவந்தவர்களின் கதை. அடுத்தது, வெளியிலிருந்து வந்து இங்கே மௌனம் கற்றுக்கொண்டவர்களின் கதை. இதுதான் எனக்குச் சுவையான பகுதி.

ஹென்றி லெ சோ 1910ல் பிரிட்டனியில் பிறந்தவர். 1929ல் கெர்கோனான் மடத்தில் சேர்ந்தார். அந்த மடம், முன்பு சொன்ன வான் ஊர் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. பத்தொன்பது ஆண்டு பெனடிக்ட் சபை மடத்தில் வாழ்ந்தவருக்கு மௌனம் பழக்கமான சங்கதி. 1948ல் குளித்தலைக்கு வந்து, ஏற்கெனவே அங்கே பங்குப்பணி செய்துகொண்டிருந்த ஜூல் மோன்ஷனென் சாமியாரோடு சேர்ந்தார். மறு ஆண்டு இருவரும் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரைப் பார்த்தார்கள். மடத்தின் மௌனம் விதியால் வந்தது. இங்கே ஒரு மனிதர் பேசாமல் இருப்பதைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. இந்த வித்தியாசம் லெ சோவை ஆட்டிவிட்டது.

1950 மார்ச் 21ல் தண்ணீர்ப்பள்ளியில், திருச்சி ஆயர் மென்டோன்சாவின் ஒப்புதலோடு இருவரும் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஊரார் வாயில் அது சாந்திவனம். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார். 1952 முதல் திரும்பத் திரும்ப அருணாசலக் குகைகளுக்குப் போய்த் தனியாக இருந்தார். 1955ல் திருக்கோவிலூர் ஞானானந்தரைச் சந்தித்தார். 1956 கடைசியில் கும்பகோணத்தில் மௌனமந்திர் என்ற இடத்தில் ஓர் அறைக்குள் போய் அடைந்துகொண்டார். ஒரு மாதத்துக்கும் மேல் மனித முகம் பார்க்காமல் இருந்தார். சாப்பாடுகூட ஆளைப் பார்க்காமல் உள்ளே வரும் ஏற்பாடு. கத்தோலிக்க ஒடுக்கத்தில் வழிகாட்டி ஒருவர் தினமும் வந்து பேசுவார் என்றேனே, இங்கே அதுவும் கிடையாது. அவருடைய நாட்குறிப்புகளில் அந்த நாட்களின் கிலியும் மகிழ்ச்சியும் இரண்டும் இருக்கின்றன. தன் திருச்சபையை விட்டு விலகிப் போகிறோமோ என்ற பயம் கடைசிவரை அவரை விடவில்லை. 1968ல் சாந்திவனத்தை பீட் கிரிஃபித்ஸிடம் விட்டுவிட்டு இமயத்துக்குப் போனார். 1973ல் இந்தூரில் காலமானார்.

பீட் கிரிஃபித்ஸ் ஆங்கிலேயர். அவருடைய இந்திய வாழ்க்கை 1955ல் ஓசூருக்குப் பக்கத்து ஊரான பெங்களூரில்தான், கெங்கேரியில், தொடங்கியது. அங்கிருந்து 1958ல் கேரளத்தின் குருசுமலை ஆசிரமம் எழும்பக் கைகொடுத்துவிட்டுப் பத்து ஆண்டு கழித்துக் காவிரிக் கரைக்கு வந்தார். 1993ல் இறக்கும்வரை அவரைத் தேடி ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். காலையும் மாலையும் ஒரு மணி நேரம் தியானம், நடுவில் காய்கறி நறுக்கலாம்.

எதிர்த்திசையில் போனவர் அமா சாமி. 1936ல் பர்மாவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த இயேசு சபைக் குரு. தன் சபையின் ஒடுக்கங்களையெல்லாம் செய்து முடித்தும் போதாமல், ஜெர்மானிய இயேசு சபையார் எனோமியா லாசாலின் உதவியோடு ஜப்பான் போய், காமகுராவில் யமதா கோவுனிடம் ஜென் கற்றார். 1982ல் கற்பிக்கும் உரிமை பெற்றார். 1996ல் கொடைக்கானல் பெருமாள்மலையில் போதி ஜென்டோவைத் திறந்தார். இப்படி ஒரு சுற்று: ஸ்பெயினில் முளைத்த ஒடுக்கம் தமிழ்நாட்டுக்கு வருகிறது; தமிழ்க் குரு ஜப்பானுக்குப் போகிறார்; ஐரோப்பியர் மௌனம் கற்கத் தமிழ்நாட்டு மலைக்கு வருகிறார்கள்.

ரோமாபுரி இதையெல்லாம் கைதட்டி வரவேற்கவில்லை. 1989ல் வந்த கிறிஸ்தவ தியானம் பற்றிய மடல் ஜென், யோகா முறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எச்சரித்தது. ‘சாதனா’ நூல் எழுதிய அந்தோனி தெ மெல்லோவின் எழுத்துகள் மீது, அவர் இறந்து பதினோரு ஆண்டு கழித்து, 1998ல் ஓர் எச்சரிக்கை அறிக்கை வந்தது. பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் என்ன நினைக்கிறார் என்று எந்தப் பேராயம் கண்டுபிடிக்க முடியும்?

இவ்வளவிலும் விடுபட்டுப் போனவர் ஒருவர் உண்டு. தொழிலாளி.

ஐரோப்பாவில் அவரை மறக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு உலையும் நிறைந்த பெல்ஜியத்தின் ஹைனோ மாகாணத்தில், ஃபாயித் என்ற ஊரில், 1891ல் இயேசு சபையார் தொழிலாளர் ஒடுக்க இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் உரிமை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். மூன்று நாள் ஒடுக்கம். சுரங்கத்திலிருந்து வந்தவர்கள் குளித்து, தனி அறையில் படுத்து, யாரும் அதட்டாமல் சாப்பிட்டுப் போனார்கள். போப் பதினோராம் பத்திநாதர் 1922ல் இஞ்ஞாசியாரை ஒடுக்கங்களின் பாதுகாவலராக அறிவித்தார். 1929 டிசம்பர் 20ல் வெளியிட்ட மடலில் தொழிலாளர்களுக்கான ஒடுக்கத்தைப் பாராட்டி வலியுறுத்தினார்.

அந்த மடல் வந்தபோது ஓசூர் ஒரு சிற்றூர். மத்திகிரியில் குதிரைப் பண்ணையாகத் தொடங்கிக் கால்நடைப் பண்ணையாக மாறிய அரசு நிலம்தான் பெரிய அடையாளம். 1970களில் சிப்காட் வந்தது. 1980ல் அசோக் லேலண்ட் ஆலையும் டிவிஎஸ் மொபெட்டும். 1980களின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரம். வேலைக்கு வந்தவர்களில் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி, திண்டுக்கல்லில் இருந்து வந்த கத்தோலிக்கர்களும் இருந்தார்கள். ஊரில் மணியடித்தால் கோயிலுக்குப் போனவர்கள் இங்கே ஏ ஷிப்ட், பி ஷிப்ட், நைட் ஷிப்ட் பார்த்துப் பூசைக்குப் போனார்கள். 1997ல் சேலத்தைப் பிரித்துத் தர்மபுரி மறைமாவட்டம் உண்டானது. ஜோசப் அந்தோணி இருதயராஜ் முதல் ஆயர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்.

இந்தத் தொழிலாளியைக் கேட்டால் ‘தியானத்துக்குப் போயிருக்கேன்’ என்பார். அவர் சொல்வது பெரும்பாலும் கேரளத்தின் முரிங்கூரை. வின்சென்ஷியன் சபைக் குருக்கள் நடத்தும் அந்தத் தியான மையத்தில் தமிழிலும் பல நாள் தியானம் நடக்கிறது: பிரசங்கம், கைதட்டல், பாட்டு, கண்ணீர், ஒலிபெருக்கி. குடியை விட்டவர்கள், பிரிந்த மனைவியோடு சேர்ந்தவர்கள் அங்கிருந்து வந்திருக்கிறார்கள். அதை இளக்காரம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் பிரஸ் மெஷின் பக்கத்தில் காதடைத்து நின்றுவிட்டு வருகிறவருக்கு இன்னொரு ஒலிபெருக்கியைத் தருவதோடு நிறுத்திக்கொள்வது சரியா? குருவுக்கும் கன்னியருக்கும் சட்டமே போட்டு மௌன நாட்கள் தருகிற திருச்சபை, அதிகச் சத்தத்தில் உழல்கிறவருக்கு அதில் ஒரு நாளையாவது பங்கு வைக்க வேண்டாமா?

கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு எட்டு நாள் லீவு கேட்டால் வேலையே போய்விடும். கொடைக்கானலும் குளித்தலையும் அவருக்குச் செலவு. ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரிப் பங்குகளுக்கு இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்: இஞ்ஞாசியாரின் பத்தொன்பதாவது குறிப்பைத் தூசி தட்டி எடுங்கள். வேலையை விடாமலே செய்யலாம் என்ற அதன் யோசனைப்படி, மாதத்தில் ஒரு நாள், மைக்கை அணைத்துவிட்டு, கோயிலையும் ஒரு மரத்தடியையும் காலை முதல் மாலைவரை மௌனத்துக்கு விடுங்கள். கேட்பவருக்குப் பேச ஒரு குரு, எல்லோருக்கும் ஒரு வேளைச் சோறு போதும். அந்த நாளை ஞாயிறு என்றே வைக்காமல், வார விடுமுறை கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதைப் பார்த்து வையுங்கள். ஏற்கெனவே இப்படிச் செய்கிற பங்கு இருந்தால், அதை மட்டும் கொஞ்சம் சத்தமாக அறிவியுங்கள்.